பாதரசத்துக்கு ஒரு பிடி கரி

கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையைப் பற்றி ஒரு இடுகையாவது போடாத தமிழ்ப் பதிவர்கள் குறைவுதான். நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் மூடின தொழிற்சாலை எண்பதுகளில் மலையேறி இங்கே வந்தது, 2001ல் மூடினது, 2003ல் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது, 2015ல் சோஃபியா அஷ்ரஃபின் ராப் பாட்டு, 2016ல் 591 பழைய தொழிலாளர்களோடு ஒப்பந்தம்... எல்லாம் நமக்கு மனப்பாடம். சந்தோஷம். பேச வேண்டிய விஷயம், பேசினோம்.

ஆனா கண்ணுக்குத் தெரிகிற பாதரசத்தைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம். உடைந்த கண்ணாடி, தரையில் உருளும் வெள்ளி முத்து, படம் பிடிக்கவும் வசதி. புகைபோக்கி வழியா ஆவியா போகிற பாதரசத்துக்கு நிறமில்லை, வாசனையில்லை, பாட்டெழுதவும் ஆளில்லை. அதைப் பற்றித்தான் இன்றைய புலம்பல். கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கோங்க. கூட்டல் பெருக்கல்தான்.

நிலக்கரியில் பாதரசம் இருக்கிறது. ரொம்பக் கொஞ்சம். ஒரு கிலோவுக்கு 0.15 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் "இதுக்கா இவ்வளவு?" என்றுதான் தோணும். ஒரு 500 மெகாவாட் அலகு முழு வேகத்தில் ஓடினால் நம்ம நாட்டுக் கரிக்கு மணிக்குச் சுமார் 350 டன் தின்னும். அதில் இருக்கும் பாதரசம் மணிக்கு 52 கிராம். ஒரு நாளைக்கு ஒன்றேகால் கிலோ. பழைய காய்ச்சல் தெர்மாமீட்டர் ஒன்றில் ஒரு கிராம்கூட இருக்காது. தினமும் ஆயிரத்துக்கு மேல் தெர்மாமீட்டரை ஒரே புகைபோக்கிக்குள் உடைத்துப் போடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு பகுதி சாம்பலோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். மீதி வானத்துக்கு.

ஏன் மீதியைப் பிடிக்க முடியவில்லை? இங்கேதான் பாதரசத்தின் குணம் வருகிறது. அடுப்புக்குள் ஆயிரத்துச் சொச்சம் டிகிரியில் எல்லாப் பாதரசமும் தனி அணுவா, ஆவியா மாறிடும். புகை குளிர்ந்து வரும்போது நிலக்கரியில் இருக்கிற குளோரின் அதில் கொஞ்சத்தைப் பிடித்து மெர்க்குரிக் குளோரைடா மாற்றும். குளோரைடா மாறினது நல்ல பிள்ளை. தண்ணீரில் கரையும், சாம்பலில் ஒட்டும். மாறாத தனிப் பாதரசம் இருக்கே, அது யாருக்கும் அடங்காது. சாம்பலை மின்சாரத்தால் இழுத்துப் பிடிக்கிற ஈ.எஸ்.பி.யைத் தாண்டிப் போயிடும், தண்ணீர்த் தூறலையும் தாண்டிப் போயிடும். காற்றில் மாதக்கணக்கா சுத்தும், ஒரு வருஷம்கூட இருக்கும். பிறகு எங்கேயோ மழையோடு இறங்கும். அங்கே சேற்றில் இருக்கும் பாக்டீரியா அதை மெத்தில் மெர்க்குரியா மாற்றும், சின்ன மீன், பெரிய மீன், அதற்கப்புறம் நம்ம சட்டி. நம்ம நாட்டு நிலக்கரியில் குளோரின் குறைவு. அதனால் அடங்காத பிள்ளைகள் நமக்கு அதிகம்.

சித்தர் மரபில் 'ரசத்தைக் கட்டுவது' என்று ஒரு பேச்சு உண்டு. ஓடுகிற பாதரசத்தைக் கந்தகத்தோடு அரைத்துக் கட்டுவார்கள், கறுப்பா ஆகிவிடும். மருந்தா சாப்பிடலாமா என்பது வேற சண்டை, அதுக்கு இன்னொரு நாள் கும்மி அடிப்போம். ஆனா புகையில் ஓடும் பாதரசத்துக்கு இன்றைக்குச் செய்கிற வைத்தியமும் கட்டுவதுதான். கட்டும் கயிறு ஆக்டிவேட்டட் கார்பன். இனி கரித்தூள் என்றே சொல்கிறேன்.

கரியை 800, 900 டிகிரியில் நீராவி காட்டி வறுத்தால் உள்ளே நுண்ணிய துளைகள் விழும். நல்ல கரி ஒரு கிராமின் உள்பரப்பு ஆயிரம் சதுர மீட்டர் வரும். சென்னைக் கணக்கில் நாலரை கிரவுண்டு! ஒரு சிட்டிகைக்குள் நாலரை கிரவுண்டு இடம் வைத்திருப்பவன் கரி. இந்தத் தூளைப் புகைக்குழாயில், சாம்பல் பிடிக்கும் இடத்துக்கு முன்னால், காற்றோடு சேர்த்து ஊதி விடுவார்கள். பறந்து போகிற ஒன்றிரண்டு விநாடிக்குள் அது பாதரசத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு சாம்பலோடு சாம்பலா விழுந்துவிடும். சைலோ ஒன்று, ஊதுகுழல் ஒன்று, நாலு குழாய். அவ்வளவுதான் மெஷினரி.

வெறும் கரி தனிப் பாதரசத்தைச் சுமாராத்தான் பிடிக்கும். அதனால் கரியில் புரோமின் ஏற்றுகிறார்கள். புரோமின் குளோரினின் தம்பிதான், ஆனா இந்த வேலையில் அண்ணனைவிடக் கெட்டிக்காரன். பாதரசத்தை உடனே மாற்றிக் கரியோடு கட்டிவிடும். குளோரின் குறைந்த நிலக்கரிக்கு இதுதான் சரியான ஜோடி. புரோமின் கிடைக்காத சரக்கும் இல்லை. குஜராத்தில் கட்ச் உப்பளத்து மிச்ச நீரிலிருந்து எடுக்கிறார்கள்.

கரி என்றதும் நம்ம ஆட்களுக்கு காங்கேயம் ஞாபகம் வந்திருக்கும். கொட்டாங்குச்சிக் கரி (திருநெல்வேலிப் பக்கத்து மக்களே, சிரட்டை). தமிழ்நாடும் இலங்கையும் இதை உலகம் பூரா ஏற்றுமதி செய்கின்றன. "நம்ம தேங்காய் உலகத்துக்கே நஞ்சு முறிக்குது" என்று மெயிலில் ஒரு பெருமைக் கட்டுரை சுத்தியது, உங்களுக்கும் வந்திருக்கும். தண்ணீர் சுத்திகரிப்பில் சரி. தங்கச் சுரங்கத்தில் சயனைடு கரைசலிலிருந்து தங்கத்தைப் பிடிக்க கொட்டாங்குச்சிக் கரிதான் ராஜா, அதுவும் சரி. ஆனா அமெரிக்க மின்நிலையங்கள் பாதரசத்துக்காகப் பெரிய அளவில் ஊதின தூள் பெரும்பாலும் தேங்காயிலிருந்து வரவில்லை. பழுப்பு நிலக்கரியிலிருந்து செய்தது. டெக்சஸில் மார்ஷல் என்ற ஊரில் இதற்கென்றே ஆலை. கொட்டாங்குச்சிக் கரியின் துளைகள் ரொம்பச் சின்னவை. இரண்டு விநாடிக்குள் ஓடிப்போய் உட்கார அகலமான வழி வேண்டும், அது பழுப்பு நிலக்கரிக் கரியில் இருக்கிறது, விலையும் மலிவு. நிலக்கரி விட்ட பாதரசத்தை நிலக்கரியே பிடிக்கிறது. முள்ளை முள்ளால்தான்.

இன்னொன்று, அந்தப் பெருமைக் கட்டுரையில் வராத சங்கதி. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் கொட்டாங்குச்சியைக் குழியில் சுட்டுத் தண்ணீர் ஊற்றி அணைக்கிறார்கள். அந்தத் தண்ணீர் நிலத்தில் இறங்கி கிணறுகள் கறுத்துப்போன புகார் பல வருஷமா உண்டு. தண்ணீர் சுத்தம் செய்யும் சரக்குக்காகத் தண்ணீர் கெடுகிறது. இதையும் சேர்த்துப் பெருமைப்படுவோம்.

சரி, பிரதான மேட்டருக்கு வருவோம். இவ்வளவு எளிய வித்தை இருக்கும்போது நம்ம மின்நிலையங்களில் ஏன் இல்லை?

சட்டம் கேட்கவில்லை. அதான் பதில்.

"அதெப்படி, 2015லேயே விதி வந்துடுச்சே" என்பீர்கள். வந்தது. 2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல் மின்நிலையங்களுக்கு முதல்முறையா பாதரச வரம்பு வைத்தது. ஒரு கன மீட்டர் புகையில் 0.03 மில்லிகிராம், அதாவது 30 மைக்ரோகிராம். செய்தித்தாளில் படிக்கக் கம்பீரமாத்தான் இருந்தது.

இப்போ மேலே போட்ட கணக்கைத் திரும்ப எடுங்க. ஒரு கிலோ இந்திய நிலக்கரி எரிந்தால் சுமார் ஐந்தரை கன மீட்டர் புகை வரும். 0.15 மில்லிகிராமை ஐந்தரையால் வகுத்தால்? 27 மைக்ரோகிராம். சாம்பலில் ஒரு துளிகூட ஒட்டவில்லை, எல்லாமே வானத்துக்குப் போகிறது என்று வைத்தாலும் 27. வரம்பு 30. ஒன்றுமே செய்யாமல் பாஸ்! கொஞ்சம் மோசமான நிலக்கரி, கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்றால் 36 வரும். சாம்பல் அதில் ஒரு பங்கை இழுத்துக்கொள்ள, அதுவும் பாஸ். பரீட்சைக்குப் படிக்காமலே எல்லாரும் தேறுகிற மாதிரி தேர்ச்சி மதிப்பெண் வைத்திருக்கிறார்கள். கட்டுப்பாடு என்று இதற்குப் பேர் வைக்க எனக்கு வாய் வரவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்கா: 2012ல் கொண்டுவந்த விதிப்படி சாதாரண நிலக்கரி எரிக்கும் பழைய நிலையங்களுக்கே வரம்பு, நம்ம அளவில் மாற்றினால் ஏறக்குறைய 1.5 மைக்ரோகிராம். நம்ம வரம்பு அதைவிட இருபது மடங்கு தாராளம். அங்கே 2010லிருந்து 2017க்குள் மின்நிலையப் பாதரசம் 86 சதவீதம் குறைந்தது. முழுக்கக் கரித்தூளின் புண்ணியம் என்று சொல்ல மாட்டேன், நிறைய நிலையங்களை மூடினார்கள், எரிவாயுவுக்கு மாறினார்கள். ஆனா ஓடினவற்றில் கரித்தூள் பெரிய பங்கு. (அந்த ஊரையும் ரொம்பப் புகழ வேண்டாம். பழுப்பு நிலக்கரிக்குக் கொடுத்திருந்த சலுகையை 2024ல் எடுத்தார்கள், 2025ல் புது அரசு வந்து அதைத் திருப்பிவிட முன்மொழிந்தது, பல நிலையங்களுக்கு இரண்டு வருஷ விலக்கும் கொடுத்தது.)

இன்னும் ஒரு ஓட்டை. 2003 முடிவுக்கு முன்னால் கட்டின அலகுகளில் 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் இருந்தால்தான் அந்த 30 கூட. தூத்துக்குடியில் வரிசையா கட்டின ஐந்து அலகும் 210 மெகாவாட். மேட்டூரின் முதல் நாலும் 210. வடசென்னை முதல் மூன்றும் 210. எல்லாம் எழுபதுகளின் கடைசிக்கும் தொண்ணூறுகளுக்கும் நடுவில் வந்தவை. 2015 விதி இவற்றுக்குப் பாதரசத்தில் எண்ணே வைக்கவில்லை. ஃபெயில் ஆக வழியே இல்லை, பரீட்சையே கிடையாது.

"ஏழை நாடு சார், கரண்ட் பில் ஏறும்" என்று ஒரு பின்னூட்டம் கண்டிப்பா வரும். கணக்கு போட்டே பேசுவோம். 500 மெகாவாட் அலகின் புகை மணிக்கு 19, 20 லட்சம் கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 50 மில்லிகிராம் தூள் ஊதினால் மணிக்கு 100 கிலோ, நாளுக்கு 2.4 டன். கிலோ 150 ரூபாய் என்று நானா ஒரு விலை வைக்கிறேன். ஒரு நாள் செலவு 3.6 லட்சம். அதே நாளில் உற்பத்தி 1.2 கோடி யூனிட். யூனிட்டுக்கு மூன்று காசு. விலையை இரட்டிப்பாக்கினாலும் ஆறு காசு. இதை என் பில்லில் போட்டுக்கொள்ள நான் ரெடி.

செலவைவிட நியாயமான ஆட்சேபணை ஒன்று இருக்கிறது, அதை நானே சொல்லிடறேன். கரி பாதரசத்தை அழிக்காது. காற்றிலிருந்து எடுத்துச் சாம்பலில் வைக்கும், அவ்வளவுதான். நம்ம சாம்பல் எங்கே போகுதுன்னு எண்ணூர்க்காரங்களைக் கேளுங்க. குழாய் உடைந்து கொசஸ்தலையில் சாம்பல் படிந்த கதை ஊருக்கே தெரியும். கரியில் கட்டுண்ட பாதரசம் தண்ணீரில் சுலபமா கரைந்து வராது என்று அமெரிக்காவில் செய்த சோதனைகள் காட்டின, அது ஆறுதல். ஆனா சூடு காட்டினால் திரும்ப ஆவியா ஓடிடும். சிமெண்டு ஆலையில் கிளிங்கரோடு அரைக்கிற சாம்பல் பரவாயில்லை, அது உலைக்குள் போவதில்லை. மூலப்பொருளா உலைக்குள்ளேயே போட்டாலோ, களிமண்ணோடு கலந்து செங்கல்லா சுட்டாலோ, பிடித்த திருடனை பின்வாசல் வழியா அனுப்பின கதைதான்.

கான்கிரீட் ஆட்களுக்கு வேற எரிச்சல். சாம்பலில் கரித்தூள் இருந்தால் கான்கிரீட்டில் காற்றுக்குமிழ் வரவைக்கச் சேர்க்கும் ரசாயனத்தையும் அது குடித்துவிடும். சாம்பல் முழுவதையும் பயன்படுத்தியே ஆகணும் என்று 2021ல் அறிவிக்கை போட்ட நாட்டில், இது சின்ன விஷயம் இல்லை.

இதற்கும் ஒரு வழி பண்ணியிருக்கிறார்கள். முதலில் ஈ.எஸ்.பி.யில் சாம்பலைச் சுத்தமா எடுத்துவிட்டு, அதற்கப்புறம் கரித்தூள் ஊதி, துணிப்பை வடிகட்டியில் தனியா பிடிப்பது. சாம்பல் விற்பனைக்கு, பாதரசக் கரி தனி மூட்டையில் பத்திரமா. மிச்சிகனில் மார்க்கெட் என்ற ஊரின் பிரெஸ்க் ஐல் மின்நிலையத்தில் செய்து பார்த்தார்கள். 2006ல் ஆரம்பித்த புதிதில் தொட்டிக்குள் சேர்ந்த கரி கனன்று தொல்லை கொடுத்தது (கரிதானே, எரியாமல் என்ன செய்யும் :-)), பிறகு அதைச் சரி செய்து ஓட்டினார்கள். துணிப்பையில் படியும் கரிப்படலம் வழியா புகை ஊடுருவிப் போவதால் தூளும் குறைவா போதும். ஆனா வடிகட்டி கட்டப் பெரிய முதலீடு வேண்டும், மூன்று காசில் முடியாது. அதையும் மறைக்கவில்லை.

இப்போ 2025 ஜூலைக்கு வாங்க. கந்தக டை ஆக்சைடைப் பிடிக்கும் எஃப்.ஜி.டி. கோபுரங்களிலிருந்து பெரும்பாலான நிலையங்களுக்கு, நாலில் மூன்று பங்குக்கு மேல், மத்திய அரசு விலக்கு கொடுத்தது. நம்ம நிலக்கரியில் கந்தகம் குறைவு, கோபுரச் செலவு அதிகம் என்பது வாதம். கந்தகத்தை மட்டும் பார்த்தால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனா அந்தக் கோபுரத்தின் ஈரத்தில் தண்ணீரில் கரையும் பாதரசமும் இலவசமா பிடிபட்டிருக்கும். கோபுரத்தை எடுத்தவர்கள், அந்த இலவசத்துக்குப் பதில் என்ன என்று ஒரு வரி எழுதினார்களா? கந்தகம் குறைந்த புகை கரித்தூளுக்கு நல்லது. கந்தக ட்ரை ஆக்சைடு கரியின் இடத்தை அடைத்துக்கொள்ளும், அந்தத் தொல்லை நமக்குக் குறைவு. கோபுரம் வேண்டாம் என்பதற்குச் சொன்ன அதே காரணம், கரித்தூள் வேண்டும் என்பதற்கும் காரணம்.

எனக்கு ரொம்பக் கோபம் வருவது வேற இடத்தில். 1973ல் அல்ஜீரியாவில் ஸ்கிக்டா என்ற ஊரில் இயற்கை எரிவாயுவைத் திரவமாக்கும் ஆலையில் அலுமினியக் குளிர்விப்பான் உடைந்துபோனது. காரணம் எரிவாயுவில் இருந்த துளியூண்டு பாதரசம், அது அலுமினியத்தைத் தின்றுவிட்டது. அதற்கப்புறம் அந்தத் தொழிலில் கந்தகம் ஏற்றின கரிப் படுக்கை மாதிரி வழிகளை வைத்து, பாதரசத்தைக் கன மீட்டருக்கு மைக்ரோகிராமில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு இறக்கிவிட்டுத்தான் வாயுவைக் குளிரூட்டுகிறார்கள். 0.01. அலுமினியத்துக்கு 0.01 மைக்ரோகிராம், நம்ம புகைபோக்கிக்கு 30. அலுமினியத்துக்கு முதலாளி இருக்கிறார்.

ஏன் இன்றைக்கு இதை எழுதுகிறேன் என்றால், தேதி ஒன்று நெருங்குகிறது. மினமாட்டா உடன்படிக்கை. மெத்தில் மெர்க்குரி கலந்த மீன் தின்று ஊரே நரம்பு முறுக்கிக் கிடந்த ஜப்பான் ஊரின் பேரில் 2013ல் எழுதினது. 2017ல் அமலுக்கு வந்தது, இந்தியா 2018ல் ஏற்றது. நிலக்கரி மின்நிலையம், உலோக உருக்காலை, குப்பை எரிப்பு உலை, சிமெண்டு ஆலை மாதிரி ஐந்து வகையில் பழைய ஆலைகளுக்கும் பத்து வருஷத்துக்குள் நடவடிக்கை வேண்டும். நமக்கு அது 2028. என்ன நடவடிக்கை என்று தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் நாட்டுக்கே உண்டு, வரம்பு வைப்பதும் அதில் ஒன்று. "எங்ககிட்ட 2015லேயே வரம்பு இருக்கே" என்று அந்த 30ஐ நீட்டினால், காகிதத்தில் வேலை முடிந்தது. ஒரு கிலோ கரித்தூள்கூட ஊதாமலே.

அதனால் நான் கேட்பது இதுதான். 500 மெகாவாட் என்ற ஓட்டையை அடையுங்கள். 30ஐ முதலில் 10 ஆக்குங்கள், 1.5க்கு நாளைக்கே போகச் சொல்லவில்லை. புகைபோக்கியில் பாதரசம் எவ்வளவு என்று அளந்து, மாதாமாதம் எல்லாரும் பார்க்கும்படி போடுங்கள். குப்பை எரிக்கும் உலைகளில் 2016 விதி 50 மைக்ரோகிராம் வைத்தது. அங்கே டையாக்சினுக்காக எப்படியும் கரித்தூள் ஊதணும், ஊதுகிறார்களா என்று தூள் வாங்கின பில்லைக் காட்டச் சொல்லுங்கள். ஒரே ஒரு அலகில், தூத்துக்குடியோ மேட்டூரோ, ஒரு வருஷம் கரித்தூள் ஊதிப் பார்த்து முடிவை வெளியிடுங்கள். யூனிட்டுக்கு மூன்று காசு என்ற என் கணக்கு தப்பா இருந்தால் அப்போ தெரிந்துவிடும்.

டிஸ்கி: கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டிய மீன் என்று அமெரிக்கப் பட்டியலில் சுறாவும் 'கிங் மேக்கரல்' என்ற மீனும் இருக்கும். ஓட்டல் மெனுவில் நம்ம வஞ்சிரத்தை 'கிங் ஃபிஷ்' என்று போடுவதால் இரண்டும் ஒன்று என்று பலர் ஃபார்வர்டு பண்ணுகிறார்கள். ஒன்று இல்லை, அது அட்லாண்டிக் கடலின் ஒன்றுவிட்ட சொந்தம். பெரிய மீனைத் தின்கிற பெரிய மீன் என்பதால் வஞ்சிரத்துக்கும் கொஞ்சம் யோசிக்கலாம். சாளை, நெத்திலிக்கு ஒரு பயமும் வேண்டாம், தாராளமா குழம்பு வையுங்க.